இரண்டு கட்டத்திலும் அப்பாவின் பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, மேஸ்திரி மூன்று பேரும் உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம். இந்த வரியை இன்னொரு தரம் படி. படித்துவிட்டு ஒரு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு மிச்சத்தைப் படி. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாமல், சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும், வந்து பார்க்கவா முடிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில், என்னம்மா மூணு வாரமா மேஸ்திரியோட மூஞ்சியை மட்டும் காட்டுறே, வாலையும் காட்டு என்று கேட்டாய். வாலைக் காட்டினால் பக்கத்தில் இருக்கிற கால் தெரியும், கால் தெரிந்தால் அதில் இருக்கிற கட்டும் தெரியும். அதனால்தான் வாய்க்கு வந்தபடி, வால் தூங்குதும்மா என்று உளறினேன். நீயும் சிரித்துக்கொண்டே சரி என்றாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை எனக்கு வராது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் மூன்று வாரம் ஒப்பேற்றிவிட்டேன், அதற்காவது என்னை மெச்சிக்கொள். விஷயம் இதுதான். உன் அப்பா மேஸ்திரியின் மேல் காரை ஏற்றிவிட்டார். வலது பின்னங்கால். எலும்பு முறிந்தது, ஆபரேஷன் ஆனது, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள், இப்போது தத்தித் தத்தி வீடு பூரா நடக்கிறான். அழாதே. இன்று காலைகூட உன் அப்பாவின் தட்டிலிருந்து ஒரு முழு முட்டையை லவட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான், நொண்டிக் காலோடு என்ன வேகம் என்கிறாய்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், ஆனால் சறுக்குகிற யானை கொஞ்சம் கௌரவமான இடமாகப் பார்த்துச் சறுக்கக் கூடாதா? முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர். மழையில், நெரிசலில், படிக்கட்டில் தொங்குகிற கூட்டத்தோடு ஓட்டி, ஒரு கோழிக்குக்கூடச் சிராய்ப்பு இல்லை என்று கேடயம் வாங்கிக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தவர். அவர் சறுக்கியது எங்கே? சொந்த வீட்டு வாசலில், எறும்பு முந்திப்போகிற வேகத்தில் பின்னால் வரும்போது, நீ காலேஜ் பையில் ஒளித்து எடுத்துக்கொண்டு வந்த நாயின் மேல். ஒரு வேலையும் செய்யாமல் மற்றவர்கள் செய்வதை நின்று மேற்பார்வை பார்க்கிறான் என்று அவனுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தவரே அவர்தான்.

காலை பத்து மணி இருக்கும். மேஸ்திரி வழக்கம்போல் காரின் பின்சக்கரத்துக்கு ஓரமாக நிழலில் படுத்திருந்திருக்கிறான், சங்கிலி மட்டும் தூணில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கத்தல் கேட்டது பார், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். உன் அப்பா அதற்குள் வண்டியை நிறுத்தி, இறங்கி, தரையில் முட்டி போட்டிருந்தார். வலியில் மேஸ்திரி அவர் கையையே கடித்துவிட்டான், அவர் கையை இழுக்கவேயில்லை. கடிடா கடிடா என்று சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துண்டால் அவன் வாயை மெதுவாகச் சுற்றிக் கட்டினார். காலைப் புடிச்சுத் தூக்காதே, முதுகு என்ன ஆச்சோ தெரியாது, பலகை வேணும் என்றார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே உதறிவிட்டு, துணி வெட்டுகிற பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அதில்தான் அவனை நகர்த்திப் படுக்கவைத்தோம். நான் என்ன செய்தேன் தெரியுமா, தெருவே கேட்கிற மாதிரி, கண்ணு எங்கேங்க இருந்துச்சு உங்களுக்கு, பின்னால பாத்து எடுக்கத் தெரியாதா என்று கத்தினேன். அவர் குனிந்து துண்டின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

நம் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், இடிச்ச வண்டியை இடத்தை விட்டு எடுக்கக் கூடாது என்கிறார். யார் வந்து டேப் பிடித்து அளக்கப்போகிறார்கள் சொல்லு! பழக்க தோஷம், சிவப்பு முக்கோணத்தை எடுத்து நம் வீட்டு வாசலிலேயே வைத்தார், நான்கு விளக்கையும் மினுக்கவிட்டார், அப்புறம் வாடகை வண்டி பிடித்துப் போனோம். சாயங்காலம் திரும்பி வந்தால் கார் கல்யாண வீடு மாதிரி மினுக்கி மினுக்கி ஓய்ந்து, பேட்டரி உயிரை விட்டிருந்தது. அன்றைக்கு நம் வீட்டில் போன உயிர் அது ஒன்றுதான், அந்த மட்டும் புண்ணியம்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். நாயின் உரிமையாளர் பெயர் என்று ஒரு கட்டம், வண்டி மோதியிருந்தால் ஓட்டியவர் பெயர் என்று இன்னொரு கட்டம். உன் அப்பா, மேஸ்திரி கடித்த கையாலேயே, இரண்டு கட்டத்திலும் தன் பெயரை எழுதினார். மேசையில் இருந்த பெண், ஐயா தப்பா எழுதிட்டீங்க, ரெண்டுலயும் ஒரே பேரு இருக்கு என்றாள். ரெண்டும் நான்தாம்மா என்றார். அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டாக்டரம்மா உன் வயசுதான் இருப்பாள், ஆனால் முகத்தில் சிரிப்பு என்கிற சாமான் கிடையாது. காலைப் பார்த்து, படம் எடுத்து, பொழைச்சுக்குவான் என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உன் அப்பாவைப் பார்த்தாள். ஓட்டினவர்கிட்ட முதல்ல பேசுறேன் என்றாள். நிறுத்தினீங்க, இறங்கினீங்க, வாயைக் கட்டி, பலகையில வெச்சு, நேரத்தைக் கடத்தாம கொண்டுவந்தீங்க, ரொம்பச் சரி, இங்க வர்றதுல பாதி ரோட்டுல அடிச்சுப் போட்டுட்டுப் போனது, அடிச்சவன் நின்னு யார் வீட்டு நாய்னு ஒரு வார்த்தை கேட்டு, ஒரு போன் பண்ணியிருந்தாலே பொழைச்சிருக்கும் என்றாள். உன் அப்பா தலையை ஆட்டினார். இப்போ உரிமையாளர்கிட்ட பேசுறேன் என்றாள், குரலே மாறிப்போயிற்று. கழுத்துப்பட்டையில பேரு இல்ல, நம்பர் இல்ல, வண்டி எடுக்கிற நேரத்துல நாயைக் கட்டிப் போடணும்னு தெரியாதா, வாயில்லா ஜீவனை வளர்க்கிறவங்க கண்ணால பாக்க வேண்டாமா, இதைக் கட்டாம விட்டது யாரு என்று கேட்டாள். நான்தாம்மா என்றார் உன் அப்பா. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்று முழுசையும் வாங்கிக்கொண்டார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த நாய்ப் பல் படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நாய்க்கு நாற்பத்திரண்டு பல் பாப்பா, உனக்குத் தெரியுமா?

அன்று சாயங்காலமே கேடயத்தைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது, நான் ஒரு காலண்டரை மாட்டிப் பார்த்தேன், மறையவில்லை. காரைத் தொடுவதில்லை. மெக்கானிக் வந்து புது பேட்டரி போட்டார், உடனே டயரில் காற்று குறைச்சல் என்றார் இவர். காற்று அடித்தாயிற்று, இப்போது கண்ணாடி சரியில்லையாம், கண் கண்ணாடியா கார்க் கண்ணாடியா என்று கேட்டால் பேப்பரை விரித்துக்கொள்கிறார். எங்கே போனாலும் பஸ்தான். பஸ்ஸிலாவது சும்மா உட்காருவாரா, டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கியரை மாத்து, இப்போ பிரேக்கு என்று முணுமுணுப்பு. போன வாரம் அந்த டிரைவர் பொறுக்க மாட்டாமல், ஐயா நீங்களே வந்து ஓட்டுறீங்களா என்று கேட்டுவிட்டார். உன் அப்பா அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீடு வரைக்கும் நடந்தே வந்தார். அதைச் சொல்லி நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், ஆனால் அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு மாதத்தில் நீ வரும்போது விமான நிலையத்துக்கு வாடகை வண்டி சொல்லிவிடலாம் என்கிறார். ஒவ்வொரு தரமும் உன்னை அழைக்க ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்க் காத்துக் கிடக்கிற ஆள்!

இத்தனையும் வேடிக்கையாக எழுதிவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள், இனிமேல் எழுதுவதுதான் கடிதமே. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் கண்டக்டர் குரல் கொடுக்காமல் வண்டியை நகர்த்தாதவர், ரிட்டையர் ஆன பிறகு நான்தான் அவருக்குக் கண்டக்டர், பையும் இல்லை டிக்கெட்டும் இல்லை. காரில் ஏறி உட்கார்ந்ததும், கட்டியாச்சா என்று ஒரு குரல். நான் வெளியே வந்து மேஸ்திரி சங்கிலியில் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு, ஆச்சு, போலாம் ரைட் என்பேன். அன்றைக்கும் அவர் கேட்டார். நான் சமையலறையில் உன் சித்தியோடு போனில் இருந்தேன், அவள் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வெளியே வரவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே, ஆச்சு, போலாம் ரைட் என்று கத்தினேன். உன் சித்தியே, யாருக்குக்கா ரைட் சொல்றே என்று கேட்டாள்.

டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் என் பெயர் இருந்திருக்க வேண்டும். நான் பல் எண்ணிக்கொண்டிருந்தேன். அவருக்குத்தான் பஸ் இரைச்சலில் உட்கார்ந்து உட்கார்ந்து காது மந்தமாயிற்றே, நான் சொன்னது கேட்டிருக்காது, தானாகத்தான் எடுத்திருப்பார் என்று முதலில் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். இப்போதெல்லாம் அவர் கட்டியாச்சா என்று கேட்பதேயில்லை. ஓடாத காருக்குப் பக்கத்தில் மேஸ்திரியைத் தானே கட்டுகிறார், இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறார். காருக்கு மட்டும் இல்லை, வீட்டைப் பூட்டியாச்சா, கேஸை மூடியாச்சா, எதையும் என்னைக் கேட்பதில்லை, தானே போய்ப் பார்த்துக்கொள்கிறார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷமாக அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துக்கொண்டவள் நான், இப்போது அந்த ஒரு கேள்விக்கு ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லிவிடலாம் என்று நாலு தரம் வாயைத் திறந்தேன், நாலு தரமும் டீ வேணுமா என்றுதான் வந்தது. பாவம், நாலு தரமும் குடித்தார்.

நீ அங்கே கார் வாங்கியிருப்பதாக எழுதினாயே, அதற்குத்தான் இதெல்லாம் சொல்கிறேன். எடுக்கிறதுக்கு முன்னால் இறங்கி ஒரு சுற்று சுற்றிப் பார். வழியில் யார் வீட்டுப் பூனையோ நாயோ அடிபட்டுவிட்டால், ஐயோ வேலைக்கு நேரமாச்சே என்று போய்விடாதே, நில், ஓரமாக நிறுத்தி இறங்கு, அதற்கும் எங்கேயோ ஒரு வாசலில் ஆள் காத்திருக்கும். தப்பு உன்னுடையதாக இருந்தால் அம்மாவைப் போல மூன்று வாரம் காத்திராமல் அங்கேயே சொல்லிவிடு. இன்னொன்று, மேஸ்திரியின் கழுத்துக்குப் புது வில்லை செய்து போட்டிருக்கிறார் உன் அப்பா, அதில் உன் நம்பரைப் பொறித்திருக்கிறார். அவதானே நிஜ உரிமையாளர் என்கிறார். அவன் இங்கே தெருமுனையில் தொலைந்தால் கடல் தாண்டி உனக்குத்தான் போன் வரும், தயாராக இரு.

வழக்கம்போல் அடியில் நாலு விரல் இடம் விட்டிருக்கிறேன், உன் அப்பா முழுசையும் படித்துவிட்டுத்தான் தன் இரண்டு வரியை எழுதி, ஒட்டி, தபாலில் போடுவார். எனக்கு எதற்கு எழுதினாய் என்று நீ கேட்பது புரிகிறது. உனக்குத்தான் எழுதினேன், ஆனால் வழியில் அவர் கண்ணிலும் படட்டும். மேசைமேல் வைத்துவிட்டு எதிர்வீட்டுத் தையல்காரம்மா வீட்டுக்குப் போய்விடப்போகிறேன். உன் புதுச் சட்டைக்கு அளவு அனுப்பு, மறக்காதே, போன தரம் அனுப்பிய அளவு உனக்கா, கட்டில் விரிப்புக்கா என்று கேட்கிறாள். நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நூறு வருஷம் நன்றாக இரு கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா

பாப்பா, படித்தேன். இரண்டு திருத்தம். ஒன்று, எனக்கு மந்தம் வலது காது. காரில் உட்கார்ந்தால் சமையலறை ஜன்னல் இடது பக்கம். அவள் சொன்னது நன்றாகவே கேட்டது. இரண்டு, குரல் கொடுப்பது கண்டக்டர் வேலை, குரல் வந்த பிறகும் கண்ணாடியைப் பார்ப்பது டிரைவர் வேலை. நான் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் எந்தக் கண்டக்டர் பெயரையும் நான் ரிப்போர்ட்டில் எழுதியதில்லை, உன் அம்மா பெயரையா எழுதுவேன். கேட்காமல் இருந்தது கோபத்தில் இல்லை, கேட்டால் அழுதுவிடுவாளோ என்றுதான். இந்தக் கடிதத்தை இன்று நடந்து போய்ப் போடப்போவதில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் திரை ஆடுகிறது. சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கட்டியாச்சா என்று கேட்கப்போகிறேன்.

அப்பா