கோவிச்சுக்கிட்டுப் போக ஒரு ரூம்

அக்கா,

உங்கள் மகன் ஒரு ப்ளான் வரைந்து கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தான். காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கு ஒரு டம்ளர். தன் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டைக் கொஞ்சம் மாற்றிக் கட்ட வேண்டுமாம். இன்ஜினியரெல்லாம் கிடையாது. போனிலேயே வரைந்து, கடையில் பிரிண்ட் எடுத்தது. "சித்தி, இந்த வீட்டுக்கே ப்ளான் போட்டவங்க நீங்க. பாத்து ஒரு கருத்து சொல்லுங்க" என்றான்.

பார்த்தேன். அவன் படுக்கையறையை ஒட்டிப் புதிதாக ஒரு பாத்ரூம். அது வருகிற இடத்தில்தான் நம் சாமான் ரூம் இருக்கிறது. அதன் மேல் சிவப்பில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. நீங்கள் போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. உங்கள் சேலைகளைப் பங்கு வைத்தபோதுகூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்ததும்தான் சுருக்கென்றது.

நான் வரைந்த ப்ளான் என் மகளின் கிராஃப் நோட்டில் இருந்தது. நீங்கள் அண்ணனுக்கும் நான் தம்பிக்குமாக வாக்கப்பட்டு, செல்லூர் வாடகை வீட்டில் ஒரே அடுப்படியில் இடித்துக்கொண்டு கிடந்த காலம். மாமனார் மேலூர் ரோட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையில் எல்லோருக்குமாக ஒரு வீடு கட்டலாம் என்று முடிவானது. ப்ளானை நான் போடுகிறேன் என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். ஒரு கட்டம் ஒரு அடி என்று வைத்துக்கொண்டு பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்தேன்.

வரைந்து முடித்ததும் ஆளாளுக்குக் கருத்து சொன்னார்கள். உங்கள் வீட்டுக்காரர் சாமி ரூமை ஈசான மூலைக்கு நகர்த்தச் சொன்னார். என் வீட்டுக்காரர் கார் நிறுத்த இடம் கேட்டார். வீட்டில் அப்போது இருந்தது ஒரு டிவிஎஸ் வண்டி, அதுவும் தள்ளினால்தான் கிளம்பும். நீங்கள் மட்டும் ப்ளானுக்கு மேல் விரலை வைத்து நடந்துகொண்டிருந்தீர்கள். வாசல் வழியாக உள்ளே வந்தது விரல். கூடம், அடுப்படி, திரும்பவும் கூடம், உங்கள் படுக்கையறை, மறுபடியும் கூடம். நடுக்கூடத்தில் வந்து அப்படியே நின்றுவிட்டது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு புள்ள. கோவம் வந்தா நான் எங்க போவேன்?"

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. செல்லூரில் இருந்தவரை உங்களுக்குக் கோபம் வந்தால் ஒரு பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு ஆரப்பாளையத்துக்கு நடந்து, உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறிவிடுவீர்கள். அம்மா வீட்டில் நாலு நாள். உங்கள் வீட்டுக்காரர் பூவும் அல்வாவுமாக வந்து நிற்பார், நீங்களும் பெரிய மனசு பண்ணித் திரும்பி வருவீர்கள். அந்த வருஷம் சித்திரையில் உங்கள் அம்மா போய்ச் சேர்ந்தார். ஆவணிக்குள் உங்கள் தம்பிகள் வீட்டை விற்றுவிட்டார்கள். உசிலம்பட்டிக்கு பஸ் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. இறங்கிப் போவதற்குத்தான் உங்களுக்கு வீடு இல்லை.

"ஒரு சின்ன ரூமு போதும்" என்றீர்கள். "பின்பக்கமா ஒரு கதவு. ஒரு அடுப்பு வைக்க மேடை. கோவத்துல உன் கையால திங்க மாட்டேன். அதுக்காகப் பட்டினி கெடக்க முடியுமா?"

வரைந்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆண்களிடம் காட்டினேன். உங்கள் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடியே, "ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு அடுப்பா? பாகம் பிரிஞ்சுட்டாங்கன்னு ஊரு சிரிக்கிறதுக்கா?" என்றார். என் வீட்டுக்காரரும் அண்ணன் சொன்னால் சரி என்று தலையை ஆட்டினார். பேச்சு முடிந்தது. அந்த மனிதர்களிடம் 'கோவிச்சுக்கிட்டுப் போக ஒரு ரூம்' என்று சொல்லிவிடவா முடியும்?

மறுநாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து குனிந்து என் காதில் சொன்னீர்கள். "சாமான் ரூம்னு எழுதிப்புடு. மேடையை அலமாரின்னு சொல்லு. ஆம்பளைக அந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டாக."

அப்படியே எழுதினேன். கார் இடத்திலிருந்து நாலடியை வெட்டிச் சாமான் ரூமுக்குக் கொடுத்தேன். அரிசி மூட்டை இறக்கத் தோதாக இருக்கும் என்று பின்கதவுக்கு ஒரு காரணமும் சொன்னேன். "இம்புட்டு யோசிச்சிருக்கா பாருங்க" என்று என் வீட்டுக்காரர் அண்ணனிடம் பெருமையடித்துக்கொண்டார்.

பால் காய்ச்சிக் குடிவந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. உங்கள் குழம்பில் புளி தூக்கல் என்று விருந்தாளிகள் முன்னால் நான் சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன், அதை இப்போதும் மாற்றிக்கொள்ள மாட்டேன். நீங்கள் விறுவிறுவென்று போய்ச் சாமான் ரூம் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். கொஞ்ச நேரத்தில் அரிசி கொதிக்கிற வாசம் வந்தது. அப்புறம் கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"கோவம் இன்னும் இருக்கு. உப்பு மட்டும் குடு."

கொடுத்தேன். கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

எனக்கு அந்த ரூம் தேவைப்படாது என்றுதான் நினைத்திருந்தேன். என் அம்மா மேலூரில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். அவரும் போனார். ஒருநாள், மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நம் வீட்டு அண்ணனும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டேன். அதற்கு மேல் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நீங்கள் ஈரக்கையோடு வந்து என் பையை வாங்கிக்கொண்டீர்கள்.

"உள்ள போ. ரவையும் வெங்காயமும் இருக்கு. மத்தியானம் வந்து கதவைத் தட்டுவேன். தட்டுன ஒடனே தெறந்துறாத. கோவத்துக்கு ஒரு மருவாதி வேணாமா?"

மூன்றாவது தடவை தட்டியபோது திறந்தேன். மகள் அவள் ஆசைப்பட்ட காலேஜுக்கே போனாள். நீங்கள் வெளியே அந்த இரண்டு பேரிடமும் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. நாம் அப்படியொன்றும் ஒட்டி உறவாடிய ஓரகத்திகள் இல்லை. உங்கள் சத்தமான குரல் எனக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. என் ரசம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இத்தனை வருஷம் ஒரே வீட்டில் காலம் தள்ளினோம் என்றால் அந்த ரூம் இருந்ததால்தான்.

இதெல்லாம் உங்கள் மகனுக்குத் தெரியாது. அவனுக்கு அது பழைய பாத்திரமும் கோணியும் கிடக்கிற இடம். "ஏம்ப்பா, நாளைக்கு உன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டா எங்க போவா?" என்று கேட்டேன்.

"அவளுக்கென்ன சித்தி, சொந்தமா கார் வச்சிருக்கா. எடுத்துக்கிட்டு எங்கயாச்சும் போயிருவா" என்று சிரித்தான்.

நல்ல பதில்தான், அக்கா. கேட்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அந்த ரூம் தேவையில்லை. அப்படியானால் யாருக்குத் தேவை என்று யோசித்தேன். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், என் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் என் காதுக்குள் சொல்லி மறைத்து வைத்ததை நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அது சாமான் ரூம் இல்ல. நானும் உங்கம்மாவும் கோவிச்சுக்கிட்டுப் போற ரூம். எனக்குக் காரும் இல்ல, போறதுக்கு அம்மா வீடும் இல்ல. அது எனக்கு வேணும்."

என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார். உங்கள் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். "அதுல கை வைக்காதடா. சாமான் ரூம்ல சோறு கொதிக்கிற வாசம் வந்தா எங்களுக்குத் தெரியாதா? ஆரப்பாளையத்துல போய்த் தேடுறதுக்கு இது தேவலன்னுதான் பேசாம இருந்தேன்" என்றார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பையன் டம்ளர்களை எடுத்துவிட்டுத் தாளைச் சுருட்டினான். பாத்ரூமை வேறு பக்கம் போட்டுக்கொள்கிறானாம்.

போன வாரம் கல்யாண மண்டபம் பேசுகிற விஷயத்தில் என் வீட்டுக்காரரோடு வாக்குவாதம். நேரே அந்த ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். ரவை இருந்தது, வெங்காயம் இருந்தது, உப்பும் நானே வாங்கி வைத்திருந்தேன். உப்புமா கிண்டித் தின்றேன். மத்தியானம் ஆனது. வெயில் இறங்கியது. வெளியே மூன்று ஆண்கள் இருந்தார்கள். கோபப்பட்டுப் போனவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று மரியாதையாக ஒதுங்கி இருந்திருக்கிறார்கள், பாவம்.

போய் உட்கார இடம் இருக்கிறது, அக்கா. வந்து கூப்பிடத்தான் ஆள் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நானே கதவைத் திறந்துகொண்டு வந்து, எல்லோருக்கும் உலை வைத்தேன்.