புதுத் தண்ணீர்

12 ஜூலை 1998, ஞாயிறு. ஒகேனக்கல், லாட்ஜ்.

தூக்கம் வரவில்லை. இவர் குவைத்திலிருந்து கொண்டுவந்த கேமரா மேசைமேல் இருக்கிறது. ரோலைக் கழுவக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அருவிக்குக் கீழே இவரைப் பாறையில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பாறையில் ஒருத்தர் நின்றார். குத்தாலத்தில் விவசாயமாம். நாங்கள் பூதலூர் என்றதும், "நம்ம பக்கம்தானா, ரெண்டு ஊருக்கும் இந்த ஆத்துத் தண்ணிதானே" என்று சிரித்தார்.

அப்போதுதான் தண்ணீர் கலங்கிச் சிவந்து, நுரையும் சருகுமாக வர ஆரம்பித்தது. ஊர் வாய்க்காலில் அணை திறந்து முதல் தண்ணீர் அப்படி வந்தால் ஓடிப்போய் இறங்கி, கையால் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதே நினைப்பில் இவர், "புதுத் தண்ணி வருதுங்க, இறங்குங்க" என்று அவரைக் கூப்பிட்டார். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக இறங்கினார். இரண்டு பேரும் குனிந்து அள்ளும்போது பட்டனை அழுத்தினேன்.

மேலேயிருந்து பரிசல்காரர், "வெள்ளம் வருது, ஏறுங்க" என்று கத்தினார். இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் பாறையே தெரியவில்லை.

போலீஸில் சொல்லலாம் என்றேன். "அவர் அந்தப் பக்கமா ஏறியிருப்பாரு. பேசாம படு" என்றார்.

கீழே மேனேஜரிடம் ஒரு அம்மா பேசுவது இங்கே கேட்கிறது. "குத்தாலத்துலேருந்து வந்திருக்கோங்க. எங்க வீட்டுக்காரரை இன்னும் காணோம்."

இவரும் தூங்கவில்லை. விளக்கை அணைக்கச் சொல்கிறார்.