வலது தோள், இடது தோள்

1943 நவம்பர் 14, ஞாயிறு

இன்றும் அழுகின முட்டைக்கோஸ். யூதர்களை அடைத்திருக்கும் இந்த வேலிக்குள் ஓர் அறையில் ஒன்பது பேர். ஜன்னலோரம் எங்களுக்கு என்று சொல்லித்தான் இங்கே தள்ளினார்கள், அதே அறையில் இருக்கும் பெய்லா அங்கே தன் படுக்கையை விரித்துவிட்டாள். ஜன்னலில் தெரிவது முள்வேலிதான். ஆனாலும் மறக்கமாட்டேன்.

நவம்பர் 16

என் மகன் ஹிர்ஷை ஜெர்மானியர்கள் கொண்டுபோன நாளிலிருந்து மருமகள் ஹிந்தா சாப்பிடும்போது வாய் திறப்பதில்லை. இன்று திறந்தாள்.

“அத்தை, ஷாவ்லி ஊர்ல நம்ம குழந்தைகளை எல்லாம் லாரியில ஏத்திட்டாங்களாம். இங்கயும் வருவாங்க. ஷிஃப்ராவை வெளியே அனுப்பிடலாம்.”

மூன்று வயதுப் பேத்தியை? யாரிடம்?

“பெட்ரொனேலா வச்சுக்கறேன்னா. விமான மைதானத்துல நாங்க மண்ணு வெட்டற இடத்துக்கு ரொட்டி கொண்டு வருவா.”

“எந்தப் பெட்ரொனேலா?”

ஹிந்தா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வாத்துக்காரிதான்.”

நவம்பர் 17

தூக்கம் இல்லை. ஒன்பது வருடம் முன்னால் பண்டிகைக்கு அவளிடம் ஒரு வாத்து வாங்கினேன். அறுத்துப் பார்த்தால் இரைப்பையில் ஆணி குத்தி நிற்கிறது. எங்கள் மதகுரு ரப்பி, விதிப்படி இது சாப்பிட ஆகாது என்றார். திருப்பிக் கொண்டுபோனேன். “உங்க சாமிக்கு ஆகலேன்னா எனக்கு ஆகும், குடு” என்று பிடுங்கிக்கொண்டாள். வேறு வாத்தும் தரவில்லை. அன்றைக்கு ராத்திரி அவள் வீட்டில் வறுவல் வாசனை வந்ததாக ஊரே சொல்லிற்று.

அவளிடமா என் பிள்ளை?

வேறு யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. சரி என்றேன்.

நவம்பர் 28

லித்துவேனிய மொழி ஹிந்தா சொல்லித்தருகிறாள். சிலுவை போடக் கற்றுத்தருவது என் பாடு. மாதா கோயிலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள் என்றுதான் என் அம்மா வளர்த்தாள், அறுபது வருடம் திருப்பிக்கொண்டேன். நல்லவேளை, சிறுபெண்ணாக ஒரு ரஷ்ய அதிகாரி வீட்டில் பாத்திரம் கழுவினேன். அந்தச் சமையல்காரி நாளெல்லாம் போடுவாள். நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள். ஷிஃப்ரா சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். விளையாட்டு என்று நினைக்கிறாள். என் கையால் இதைச் சொல்லித்தர வைத்தாயே — இதையும் உன் கணக்கில் எழுதிவைக்கிறேன், மேலே இருப்பவனே.

டிசம்பர் 2

சொல்லித்தருவது சுலபம். மறக்கவைப்பதுதான் முடியவில்லை. படுக்கும்போது வலது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு ஜெபம் சொல்வாள், நான் பழக்கியது. இன்று கையை இழுத்துவிட்டேன்.

“சாமி எப்படிப் பாட்டி என்னைக் கண்டுபிடிக்கும்?”

“கண்டுபிடிக்க வேணாம். யாருமே உன்னைக் கண்டுபிடிக்கக் கூடாது!” — கத்திவிட்டேன். பெய்லா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

டிசம்பர் 9

மூன்று ராத்திரி பொத்தவில்லை. கை போர்வைக்குள்ளேயே இருந்தது. சந்தோஷப்பட வேண்டுமா நான்?

டிசம்பர் 13

வைத்தியர் பிள்ளைக்குத் தூக்க மருந்து கொடுத்தார். சாக்கில் போட்டு ஹிந்தா வேலைக்கூட்டத்தோடு தூக்கிப்போனாள். ஹிர்ஷின் கம்பளிக் கோட்டு வாசல் காவல்காரனுக்கு. சாயங்காலம் வெறும் சாக்கோடு வந்தாள்.

டிசம்பர் 14

அந்தச் சாக்கை மடித்து என் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

1944 ஜனவரி 10

ஹிந்தா வந்ததும் வராததுமாக என் மேல் பாய்ந்தாள். “அத்தை! பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக்குடுத்தீங்க?”

“சிலுவைதான்.”

“அது ரஷ்யாக்காரங்க போடறது! இங்க இருக்கற கத்தோலிக்கருக்கு இடது தோள்தான் முதல்ல!”

சிலுவை என்றால் சிலுவைதானே! அதில் இடம் வலம் உண்டு என்று யாருக்குத் தெரியும்?

கிறிஸ்துமஸ் பூசையில் பிள்ளை கையைத் தூக்கியிருக்கிறது. பின்னால் போலீஸ்காரன் பெண்டாட்டி. “இது யார் வீட்டுப் பிள்ளை? கை நம்ம பக்கம் போகலையே” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள்.

பெட்ரொனேலா திரும்பி நின்றாளாம். “ஆமாடி, ரஷ்யாக்காரனுக்குப் பொறந்ததுதான். என் மக கோவ்னோவுல வேலைக்கு இருந்தப்போ பெத்தது. இத்தனை நாள் அவன் ஆத்தா வளர்த்தா, இப்ப எங்கிட்ட விட்டுட்டா. போதுமா? இல்ல, மணியடிச்சு ஊருக்கெல்லாம் சொல்லட்டுமா?”

போலீஸ்காரன் பெண்டாட்டி சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பிள்ளையின் அரைகுறை லித்துவேனியப் பேச்சுக்கும் இனி காரணம் கேட்கமாட்டார்கள். பெட்ரொனேலாவின் மகளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோயிற்று. பெண் அம்மாவோடு பேசுவதில்லையாம், ஆனால் பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறாளாம்.

என் தப்புக் கை, அவள் மகளின் மானம்.

பெட்ரொனேலாவை மன்னிக்கவேண்டுமா? மன்னிக்கிறேன். வாத்து விஷயத்தில் இல்லை. அது வேறு.

பிப்ரவரி 21

ஹிந்தா தூரத்திலிருந்து பார்த்தாளாம். பிள்ளை பெட்ரொனேலா பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஹிந்தாவைப் பார்த்தது. பயந்து பின்னால் ஒளிந்துகொண்டது. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். இதுவரை தடவினதில்லை.

மார்ச் 27, திங்கள்

ஹிந்தா வேலைக்குப் போய்விட்டாள். காலையிலிருந்து தெருவில் வண்டிகள். ஒலிபெருக்கியில் பாட்டு, அழுகை கேட்காதிருக்க. வீடுவீடாகக் குழந்தைகளை இழுத்து ஏற்றுகிறார்கள். “கிழவிங்களையும் ஏத்தறாங்க, எங்கயாவது ஒளிஞ்சுக்கோ!” என்று ஜன்னலிலிருந்து பெய்லா கத்துகிறாள். எங்கே ஒளிவது? இந்த முழங்காலோடு மச்சுப்படி ஏறமுடியாது.

பக்கத்து வீட்டுக் கதவை உடைக்கிறார்கள். இங்கேயும் வந்து கேட்பார்கள், குழந்தை உண்டா என்று. நிமிர்ந்து நின்று இல்லை என்பேன். தேடிப் பார்த்துக்கொள்ளட்டும்.