ஹேசலிடம் சொன்னது

செப்டம்பர் 6, புதன்

மாணவர் மன்றக் கூடத்தில் மேசை போட்டாயிற்று. ஒரு பெட்டி டோனட், சாவிக்கொத்தில் மாட்டுகிற விசில்கள், சைக்கிளுக்கு ஒட்டுகிற பதிவு ஸ்டிக்கர்கள். மேசைக்கடியில் ஹேசல். "போலீசோடு பத்து நிமிடம்" என்று பலகை வேறு. பத்து நிமிடமாம்! டோனட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கீழே மண்டியிடுகிறார்கள். "ஐயோ செல்லம், உன் பேர் என்ன?" லாப்ரடார் நாயா பதில் சொல்லும்? நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பெயரை இதுவரை ஒரு ஆள் கேட்டதில்லை.

பல்கலைக்கழகப் போலீசில் இத்தனை வருடம் கழித்து என்னை இந்த வேலையில் போட்டதே ஹேசலுக்காகத்தான். மாணவர்களுக்கு ஆறுதல் தருகிற நாய் என்று பயிற்சிச் சான்றிதழ் அவளுக்கு. நான் கயிறு பிடிக்கிறவன்.

செப்டம்பர் 14

விடுதியில் பாதுகாப்புப் பேச்சு. அறையைப் பூட்டுங்கள், வாசல் கதவிடுக்கில் செருப்பைச் செருகி வைக்காதீர்கள், தெரியாதவர்களைப் பின்னாலேயே உள்ளே விடாதீர்கள். முடித்துவிட்டு, கேள்வி உண்டா என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "சார், நாய் கை குடுக்குமா?"

வீட்டுக்கு வந்து ஹேசலிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். ஆர்லீன் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஒமாஹாவுக்குப் போனதிலிருந்து தினமும் இப்படித்தான். ஆர்லீனை விட ஹேசல் நன்றாகக் கேட்கிறாள் என்று எழுத வந்தேன். அது பொய். ஆர்லீனிடம் நான் எதையும் சொன்னதே இல்லை.

செப்டம்பர் 20, புதன்

ஒரு பெண் வந்தாள். டெஸா, இரண்டாம் ஆண்டு. போன மாதம் அவளுடைய பச்சை சைக்கிளுக்கு ஸ்டிக்கர் ஒட்டியது நான்தான். அது அவளுக்கு நினைவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஹேசலின் காதோடு பேசினாள். நான் ஒரு முழத் தூரத்தில் இருக்கிறேன். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"நான் எங்க போனாலும் ட்ராவிஸுக்குத் தெரிஞ்சிடுது ஹேசல். லைப்ரரிக்குப் போனா வாசல்ல நிக்கிறான். ஃபோனையே மாத்திட்டேன். அப்பவும் வர்றான்."

"இந்தாம்மா, நீ வேணும்னா ஒரு புகார்—" என்று ஆரம்பித்தேன்.

"நான் ஹேசல்கிட்டப் பேசிட்டு இருக்கேன் சார்."

சரி.

செப்டம்பர் 27, புதன்

இன்றும் வந்தாள். நான் டோனட் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். ட்ராவிஸ் அவள் பழகி விட்டுவிட்ட பையன். விட்டது அவள்தான், அவன் விடவில்லை. புகார் கொடுக்காததற்குக் காரணமும் ஹேசலுக்குச் சொல்லப்பட்டது. "அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். படிச்சது போதும், மூட்டையைக் கட்டுன்னு பிக்கப் வண்டியோட வந்து நிப்பாரு."

செப்டம்பர் 28

சார்ஜென்ட் லொரெய்னிடம் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு உன்கிட்டச் சொன்னாளா?"

"நாய்கிட்டச் சொன்னா."

"ஏம்ப்பா வெர்ன், கோர்ட்ல ஹேசலைக் கூண்டுல ஏத்தப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்து யோசித்தேன். போனை மாற்றிய பிறகும் இடம் தெரிகிறதென்றால் விஷயம் போனில் இல்லை. பையில்? கோட்டில்? சைக்கிளில்?

அக்டோபர் 3

என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்!

உயிரியல் கட்டிடத்து ஸ்டாண்டில் அந்தப் பச்சை சைக்கிள் நின்றது. சும்மா பார்க்கலாமே என்று குனிந்தேன். சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டியிருந்தது — சாவி தொலையாமலிருக்க மாட்டுவார்களே, இருக்குமிடம் காட்டுகிற வில்லை, அது. கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு கணம், ஒரே கணம், சந்தோஷப்பட்டேன். நிமிர்ந்தால் அவள் நிற்கிறாள்.

"என் சைக்கிள்கிட்ட என்ன பண்றீங்க?"

"சீட்டுக்கு அடியில பாரும்மா. அவன் வச்சது..."

"நான் உங்ககிட்டச் சொல்லவே இல்லையே. ஹேசல்கிட்டதானே சொன்னேன். என்னைக் கேக்காம என் பின்னாடியே வர்றீங்க. அவனும் இதைத்தான் பண்றான்."

வில்லையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். நல்லதுக்குத்தானே செய்தேன்? ட்ராவிஸைக் கேட்டால் அவனும் அதையேதான் சொல்வான். கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 4, புதன்

வரவில்லை.

அக்டோபர் 11, புதன்

வரவில்லை. வில்லை போனால் என்ன, அவனுக்குக் கால் இருக்கிறது. புகார் இல்லாமல் அவனை இந்த வளாகத்துக்குள் வரக்கூடாது என்று சொல்ல எனக்கு வழியில்லை. அவள் மனம்விட்டுப் பேச இருந்த ஒரே இடத்தையும் நான் கெடுத்துவிட்டேன். ஹேசலிடம் ஒப்பிக்க ஒன்றும் இல்லாவிட்டால் இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. பயமாக இருக்கிறது.

அக்டோபர் 25, புதன்

வந்தாள்! என் பக்கம் திரும்பவில்லை. ஹேசல் வாலால் மேசைக் காலை அடித்து நொறுக்கிவிட்டாள்.

"உன் ஆள் மேல எனக்குக் கோவம் ஹேசல். அதைச் சொல்லிடு."

"நியாயம்தான்னு சொல்லு ஹேசல்," என்றேன் டோனட்டைப் பார்த்தபடி. "அவரு மன்னிப்புக் கேக்குறாருன்னும் சொல்லு."

ஹேசலின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, "புகார் குடுத்தா எங்கப்பாவுக்கு ஃபோன் போகுமான்னு கேளு."

"போகாதுன்னு சொல்லு. அவளுக்குப் பத்தொன்பது வயசு. அவ சொல்லாம நாங்க யாருக்கும் ஃபோன் பண்ண மாட்டோம்."

எழுந்து போய்விட்டாள். நான் பின்னால் போகவில்லை.

நவம்பர் 1, புதன்

வரவில்லை. எதுவும் செய்யாமல் காத்திருப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமானது.

நவம்பர் 8, புதன்

ஹேசலைப் பல் சுத்தம் செய்ய மருத்துவரிடம் விட்டிருந்தேன். நாய் இல்லாத மேசைக்கு யாரும் வரவில்லை. மடித்துவிட்டுப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

டெஸா வந்தாள். மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். "ஹேசல் எங்க?"

"டாக்டர்கிட்ட இருக்கா. சாயங்காலம் வந்துடுவா. நாளைக்கு வேணா வாம்மா."

போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். எதிரே இத்தனை வாரமாகச் சும்மா கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சட்டைக் கையை மேலே தூக்கி மணிக்கட்டில் கன்றிப்போன விரல் தடங்களைக் காட்டினாள். என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

என்ன சொன்னாள் என்று எழுதப் போவதில்லை. புகார் பதிவாகிவிட்டது. லொரெய்ன் வந்து படம் எடுத்தாள். ட்ராவிஸ் இனி இந்த வளாகத்தில் கால் வைத்தால் கைது. அப்பாவிடம் அவளே சொல்லிக்கொள்கிறாளாம், கிறிஸ்துமஸ் லீவில்.

சாயங்காலம் ஹேசலைக் கூட்டி வந்தேன். மருந்து மயக்கம் இன்னும் தெளியவில்லை. வழக்கம்போல என் பூட்ஸ் மேல் தலையை வைத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன என்று கேட்கிற மாதிரி பார்த்தாள்.

வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. டெஸா அதை என்னிடம்தான் சொன்னாள்.