பொரி தின்ற கம்ப்யூட்டர்

சர்வீஸ்காரரே,

எங்கள் தறிக்கூடத்துக் கம்ப்யூட்டரைப் பார்க்க நீங்கள் வந்தது, அவிநாசி ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்த வருடம். எங்கள் தோட்டத்துக் கிணறு முதல்முறையாக வற்றியதும், சின்னமகளுக்குக் கல்யாணம் வைத்ததும் அந்த வருடம்தான். வருடத்தின் எண் எனக்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு நடந்ததுதான் கணக்கு.

இன்று காலை மகனுடைய அறையில் தூசி சூடேறுகிற வாடை அடித்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து வருகிற வாடை. "அணைச்சுப்போடு கண்ணு, அதுக்கு மூச்சு முட்டுது" என்றேன். சிரித்துக்கொண்டே அணைத்தான். உங்கள் நினைப்பு அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

கருமத்தம்பட்டியில் எங்கள் தறிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. சேலைக்கரையில் எந்த நூல் ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அதுதான். சின்னவளின் முகூர்த்தச் சேலை எங்கள் தறியிலேயே ஓட வேண்டும் என்று என் வீட்டுக்காரி மரகதம் ஒற்றைக்காலில் நின்றாள். டிசைன் போடுகிற கிட்டுசாமிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "கழுத்த இன்னுங் கொஞ்சம் திருப்புங்க. இது கிளியாட்ட இல்லீங்க, கோழியாட்ட இருக்குது" என்று நாள்கணக்கில் அவர் உயிரை வாங்கினாள். கடைசியில் திரும்பிப் பார்க்கிற ஒரு கிளி பிறந்தது. சேலை பாதி ஓடியிருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

தறிக்கும் மோட்டாருக்கும் மொபெட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தவளுக்குக் கம்ப்யூட்டருக்கு எங்கே வைப்பதென்று குழப்பம். அதன் பின்பக்கத்து ஓட்டைகளில் காற்று வருவதைக் கிட்டுசாமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். மூச்சு விடுகிற இடம்தானே மூஞ்சி? குழைத்த சந்தனத்தை அங்கே அப்பிவிட்டாள். பெட்டியின் மேலே பொரியும் நாட்டுச்சர்க்கரையும் படைத்தாள். மேலேயும் ஓட்டை இருந்தது.

மறுநாள் பெட்டிக்கு உயிரே இல்லை. ஆள் அனுப்பினோம், வந்தீர்கள். பெட்டியை நீங்கள் பார்க்கவே இல்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டு சுவர் வரைக்கும் போனீர்கள். பிளக் இருந்த இடத்தில் பூஜைக்குப் போட்ட சீரியல் பல்பு சொருகியிருந்தது.

"ஏனுங்ணா, கரண்டு குடுக்காம வேல வாங்குனா எப்பிடிங்ணா?" என்றீர்கள்.

பிளக்கை மாற்றியதும் பெட்டி ஓடியது. கொஞ்ச நேரத்தில் கீச்சென்று கத்திவிட்டுத் தானாக அணைந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்றார் கிட்டுசாமி. ரேடியோவைத் தட்டுகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டலாம் என்றேன் நான். நீங்கள் இரண்டையும் செய்ய விடவில்லை. "ஒரு நேரத்துல ஒன்னத்தானுங்க மாத்தோணும். ரெண்ட மாத்திப்போட்டா, எது சரி பண்ணுச்சு, எது கெடுத்துச்சுன்னே தெரியாதுங்க." பிறகு பெட்டியின் மேல் கைவைத்து, "இது வைரஸ்தானுங்க. எத்தன பெட்டி பாத்திருப்பேன், எனக்குத் தெரியாதுங்களா?" என்று தீர்ப்பும் சொன்னீர்கள்.

சொல்லிக்கொண்டே பக்கத்துத் தகட்டைக் கழற்றினீர்கள். உள்ளே எறும்புகள் ஆளுக்கொரு பொரியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போயின.

"வைரஸ் நடந்து போகுதுங்க" என்றார் கிட்டுசாமி.

நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பின்பக்கத்துச் சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தீர்கள். மரகதத்துக்குப் பொறுக்கவில்லை. "நீங்க சர்ச்சுக்குப் போறவிங்க. எங்க சாமி மேல பழியப் போட்டுறாதீங்க."

"சாமிய நான் ஒன்னுஞ் சொல்லலீங்க்கா. மூக்குல சந்தனத்த அப்புனா சாமிக்கும் மூச்சு முட்டுமுங்க."

மெத்தென்ற பிரஷ் கேட்டீர்கள். நான் சவரம் செய்கிற பிரஷ்ஷைக் கொடுத்தேன். ஃபேன் மறுபடி சுற்றியது, திரையில் கிளி வந்து திரும்பிப் பார்த்தது. கல்யாண நாள் கழுத்தை நெரித்தது. தறியை ஓட்டச் சொல்லி நான் அவசரப்படுத்தினேன். நீங்கள் கையை நீட்டித் தடுத்தீர்கள்.

"வெதைய எடுத்து வெச்சுப்போட்டுத்தானுங்ணா நெல்லக் குத்தோணும்."

கிளியைப் பென்டிரைவில் ஏற்றினீர்கள். அது போதாதென்று இன்னொன்றிலும் ஏற்றினீர்கள். ஒன்றை என் கையில் கொடுத்து, மற்றதை உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். "பூஜ முடிஞ்சாலும் உங்க பூஜ முடியாதுங்களாட்டிருக்குது" என்று நான் முணுமுணுத்தது உங்கள் காதில் விழுந்திருக்கும்.

தறி ஓடியது. ஒரு சாண் நெய்திருக்காது, பெட்டிக்குள் 'டப்' என்றது. கருகல் வாடை வந்தது. அதன்பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. மரகதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கிளி போயிருச்சுங்களா?"

நீங்கள் சட்டைப்பையைத் தட்டினீர்கள். "இங்கதானுங்க்கா இருக்குது. பொரி கேக்குது."

அழ ஆரம்பித்தவள் சிரித்துவிட்டாள். உங்கள் கடைக் கம்ப்யூட்டரையே மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சேலை தறியை விட்டு இறங்கியது. மணவறையில் சின்னவள் உட்கார்ந்திருந்தபோது, பந்தியை விட்டுவிட்டு நீங்கள் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "கோழியாட்ட இல்லீங்க்கா" என்று மரகதத்திடம் சாட்சியும் சொன்னீர்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவள் பென்டிரைவுக்கும் பொட்டு வைத்தாள். நல்லவேளை, மூடியின் மேல்.

இன்றும் வீட்டில் எது நின்றாலும் நான் முதலில் ஒயரைப் பிடித்துக்கொண்டு சுவருக்குத்தான் போகிறேன். மிக்ஸி என்றாலும் மோட்டார் என்றாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுகிறேன். மகன் எதையாவது அவசரமாகச் செய்யப் போனால், விதை எடுத்து வைத்தாயா என்று கேட்கிறேன். அவனுக்கு எரிச்சல்தான் வருகிறது. எனக்கும் அன்றைக்கு அதுதானே வந்தது?

இதையெல்லாம் போனிடம் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. நான் சொன்னதைத்தான் எழுதியதா என்று பார்க்க எனக்குக் கண் இருந்தும் பயனில்லை. கிட்டுசாமி போன வருடம் போய்ச் சேர்ந்தார். போன ஐப்பசியில் உங்களையும் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தோம். அந்த அறையில் நடந்ததை நான் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால், "அப்பிடி இல்லீங்க" என்று திருத்துவதற்கு இனி ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். மரகதம்.