மூலையைப் பிடிக்க ஒரு ஆள்

மார்ச் 4, திங்கள்

இன்றும் சட்டம் நழுவிவிட்டது. மாதா சுரூபம் வைக்கும் கண்ணாடிக் கூட்டுக்கு முன்கதவு. சாய்வாக அறுத்த இரண்டு முனைகளையும் மூலையில் சேர்த்துத் தில்ருக்ஷி பிடித்துக்கொள்வாள், நான் ஆணி இறக்குவேன். கல்யாணமான நாளிலிருந்து மொரட்டுவையில் எங்கள் பட்டறை ஓடியது அப்படித்தான். இப்போது அந்தக் கைகள் குவைத்தில் யாரோ ஒரு கிழவியைத் தூக்கிக் குளிப்பாட்டுகின்றன.

முழங்காலால் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு தடுமாறுகிறேன். பக்கத்துப் பட்டறை கிங்ஸ்லி எட்டிப் பார்த்தான். "என்ன லக்மால், சட்டத்தோட மல்யுத்தமா? பொண்டாட்டிய அனுப்பினவன் கிளாம்ப் வாங்கணும்டா."

நானா அனுப்பினேன்? மரம் வாங்க முடியாத மரத்தச்சனாக என்னை ஆக்கியது யார்? அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 9, சனி

புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனேன். மூலையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பில் இரண்டு வகை. ஒன்று அலுமினியம்: இலேசு, பளபளப்பு, ஒரே திருகு. இன்னொன்று கறுப்பு வார்ப்பிரும்பு, இரண்டு கட்டைக்கும் தனித்தனித் திருகு. தனி ஆளுக்கு இரும்புதான் தோது, ஒரு கட்டையைப் பூட்டிவிட்டு மற்றதை நிதானமாகக் கொண்டுவரலாம் என்றார் கடைக்காரர். பஸ்ஸில் இடிபட்டுப் போகிறவனுக்குக் கனம் பெரிய விஷயம். அலுமினியத்தில் நாலு எடுத்தேன், மூலைக்கு ஒன்று.

மார்ச் 10, ஞாயிறு

பூசைக்குப் பிறகு அவள் கூப்பிட்டாள். போனில் கிளாம்பைக் காட்டினேன்.

"என்னைவிட நல்லாப் பிடிக்குதா?"

"வாயாடாம பிடிக்குது."

"அப்ப அதையே கட்டிக்குங்க."

செனுலி சிரித்துப் புரண்டாள். ஆறு வயதுக்கு அம்மாவின் குரலே போதும். தில்ருக்ஷி போனை எதிலோ சாய்த்து வைத்திருந்தாள். கையில் எடுத்துப் பேசேன் என்றேன். வேலை கிடக்கிறது என்றாள்.

மார்ச் 21, வியாழன்

எல்லாக் கூடுகளும் திரும்பி வந்துவிட்டன. கண்ணாடி உட்காரவில்லை. ஒரு மூலையில் முட்டுகிறது, எதிர் மூலையில் விரல் நுழைகிறது. கூடுகளை என்னிடம் வாங்கி விற்கும் பெனடிக்ட் முதலாளி கடை வாசலில் நாலு பேர் கேட்க, "மாதாவுக்கே கோணக் கூடா தம்பி?" என்றார். அவருக்கு நாங்கள் எல்லோரும் தம்பி. தம்பி வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து கிளாம்புக்குள் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. கிளாம்பே கோணல். வாங்கும்போது பார்த்திருக்க வேண்டும். பசை ஈரமாக இருக்கும்போதே அவள் நூலை எடுத்து மூலைக்கு மூலை குறுக்கே இழுத்துப் பார்ப்பாள். இரண்டு குறுக்களவும் ஒன்றானால்தான் விடுவாள். இரும்பும் திருகும் இருக்கிறதே என்று நான் அதை மறந்தே போனேன்.

போனில் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதாள். ஒரு கூட்டுக்கா அழுவாள்?

மார்ச் 25, திங்கள்

இரும்புக் கிளாம்ப் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை கடையிலேயே மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். முதலில் பசையில்லாமல் பூட்டிப் பார்க்கிறேன். மரத்தில் தழும்பு விழாமல் இருக்கக் கிளாம்பின் வாயில் அட்டைத் துண்டு. பசை ஒரு கோடாகப் பிதுங்கியதும் முறுக்குவதை நிறுத்துகிறேன், இன்னும் இறுக்கினால் பசையெல்லாம் வெளியே வந்துவிடும். நூலால் அளவு. தனி ஆளாக முழுக் கூடும் முடித்தேன். பெருமையாக இருந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. பாற்சோறு. அவள் கூப்பிடவில்லை.

மே 26, ஞாயிறு

வருகிறாள்! ஒப்பந்தம் முடியும் முன்பே அனுப்புகிறார்களாம்.

"ஏன்?"

"கப் உடைஞ்சுது. நிறைய."

கப் உடைந்ததற்கா? நல்லதாய்ப் போயிற்று, மிச்சத்தையும் உடைத்துவிட்டு வா என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

விமான நிலையம். வீட்டுவேலைக்குப் போய் வந்த பெண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். தலைக்கு மேலே அவர்களை நாட்டின் வீராங்கனைகள் என்று புகழும் பெரிய பலகை. அதன் கீழே எல்லாரையும் அதட்டும் ஒரு காக்கிச்சட்டை. செனுலி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். தில்ருக்ஷி அவளைத் தூக்கவில்லை. உட்கார்ந்து நெற்றியோடு நெற்றி வைத்தாள்.

ஜூலை 18, வியாழன்

கிளாம்பை எல்லாம் சாக்குக்குள் போட்டேன். அவை வந்ததால் தன் இடம் போய்விட்டது என்று அவள் நினைத்துவிடக்கூடாது. "வா, மூலையைப் பிடி" என்றேன், பழையபடி.

பிடித்தாள். சுத்தியலை ஓங்கும் முன்பே சட்டம் விரிந்தது. மறுபடி. மறுபடி. என் அறுப்புதான் சரியில்லை என்றேன்.

"பொய் சொல்லாதீங்க. எனக்கு விரல் இருக்கிறதே தெரியல."

கிழவியைத் தூக்கித் தூக்கி, ஈரக் கம்பளங்களைப் பிழிந்து பிழிந்து, மணிக்கட்டில் நரம்பு நசுங்கிவிட்டதாம். அங்கே ஒரு டாக்டர் பார்த்தாராம். உணர்ச்சி திரும்பாதாம். அதனால்தான் அனுப்பினார்கள். எனக்கு மட்டும் தெரியாது. போன்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே — சொன்னா நான் என்ன கிழிச்சிருப்பேன்? இங்கேருந்து என்ன கிழிச்சிருப்பேன்?

ஜூலை 19, வெள்ளி

அவளை அனுப்பிய ஏஜென்டிடம் போனேன். அங்கேயே புகார் கொடுத்திருக்க வேண்டும், திரும்பி வந்துவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றான். சுவரில் சிரிக்கும் பெண்களின் படம். எல்லோர் கையும் நன்றாகத்தான் இருக்கிறது. "உங்க மனைவிக்குத் தங்கச்சி யாரும் இருக்காங்களா?" என்று கேட்டான். மேசையைக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அதை நிமிர்த்திவைக்கிற வேலையும் அங்கே துடைக்கிற ஒரு பெண்ணுக்குத்தான் வந்திருக்கும்.

ஜூலை 22, திங்கள்

காலையில் செனுலிக்கு இரட்டைப் பின்னல் நான் போட்டேன். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்தருகே. தில்ருக்ஷி கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு கதவோரம் நின்று சொல்லிக்கொடுத்தாள். இடது பக்கத்தை அவிழ்த்துத் திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். ஸ்கூல் வான் வந்துவிட்டது.