குனிய முடியாதவளின் நேர்த்தி

பூவரசங்குளம்,
6.8.1966.

அன்பு மகள் சிவனேஸ்வரிக்கு,

நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் திருகோணமலையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மாளாச்சி துணை. இந்தக் கடிதத்தை நான் கதிரையில் நேராக இருந்து எழுதுகிறேன். எழுத்தைப் பார், வரிகள்கூடச் சரியவில்லை!

“அறுபது வயது மனிசியைக் கத்திக்குக் குடுக்கிறீங்களோ?” என்று, பெற்ற தகப்பன் என்றும் பாராமல், ஐயாவிடம் கத்திவிட்டுப் போனாயே, அதன் பிறகு அவருக்கு ஒரு வரிகூட நீ எழுதவில்லை. உன் கத்தியின் கதையைச் சொல்கிறேன், கேள். வயதோடு என் முள்ளந்தண்டு எலும்புகள் தேய்ந்து, ஒரு பக்கம் சரிந்து, முறுகி, கால் நரம்புகளை நெரித்துக்கொண்டிருந்தனவாம். கொழும்பில் பெரிய டொக்டர் அந்த நெரிவை எடுத்துவிட்டு, உருக்குக் கம்பி வைத்து நிமிர்த்தி, என் இடுப்பெலும்பிலிருந்தே சீவிய துண்டுகளை முதுகில் அடுக்கினார். ஒட்டு மாங்கன்று மாதிரி அவை மெல்லப் பிடித்துக்கொள்ளும் என்று தாதி சொன்னாள். பிடித்தும்விட்டன! என் எலும்பை என் எலும்பே தாங்குகிறது. அடி பிள்ளை, நினைக்க நினைக்க மேல் சிலிர்க்கிறது. மாதக்கணக்காகப் பிளாஸ்டர் சட்டைக்குள் பலகைபோலக் கிடந்து, சொறியவும் வழியில்லாமல் கடியில் துடித்ததெல்லாம் மறந்துபோனது.

கிணற்றடிக்குப் போவதற்குள் கால் எரிந்து குந்திவிடுகிற நான், போன கிழமை குளக்கட்டு வரை நடந்தேன். என் நிழல் நேராக விழுந்திருந்தது. “ஐயோ கடவுளே” என்று நான் கத்த, ஐயா பயந்து ஓடிவந்தார். பக்கத்து வீட்டுச் சரீபா வேலிக்கு மேலால் என் தலையைக் கண்டுவிட்டு, “அல்லாவே, அக்கா வளந்திட்டாவோ!” என்று வாயில் கை வைத்தாள்.

ஒன்றுதான் பிழையாய்ப் போனது. சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது, எழும்பி நடந்தால் ஆடி வெள்ளிகளில் அம்மன் வீதி சுற்றுகையில் பின்னால் அடியழிப்பேன், மூன்றடிக்கு ஒருதரம் விழுந்து கும்பிடுவேன் என்று நேர்ந்துவிட்டேன். ஒட்டின முதுகு இனி வளையாது என்று டொக்டர் பிறகல்லவா சொன்னார்! அம்மனுக்குச் சொன்ன வாக்கு, நித்திரை வரவில்லை. தாய்க்காக மகள் செய்யலாம் என்றார் கோயில் ஐயர். உனக்கு எழுதப் பேனையை எடுத்தேன். ஐயா விடவில்லை. “இஞ்சேரும், அவளைக் கரைச்சல்படுத்தாதையும். கத்திக்குக் குடுத்தவன் நான், நானே செய்யிறன்” என்றார்.

அடியழிப்பது பெண்கள், ஆண்களென்றால் பிரதட்டை உருளுவதுதான் வழக்கம் என்று ஐயர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவ நேர்ந்தபடிதான் நடக்கவேணும் என்று இவர் ஒரே பிடி. வாய்க்கால் தண்ணீருக்காக ஊரோடு மல்லுக்கு நின்ற மனிசன், யாருக்கும் தலை வணங்காதவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்களுக்கு நடுவே விழுந்து விழுந்து எழும்பினார். சிலர் சிரித்தார்கள். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் நிமிர்ந்தபடி நடந்தேன். அம்மனைக் கும்பிடவும் மறந்து அவரையே பார்த்துக்கொண்டு போனேன். இத்தனை வருடம் இந்த மனிசனோடுதானா குடும்பம் நடத்தினேன் என்று இருந்தது எனக்கு.

நேற்றும் செய்தார். வருகிற வெள்ளியோடு ஆடி வெள்ளி முடிகிறது. இன்னும் ஒருதரம் இருக்கிறது.

நீ கோபித்ததும் என்மேலுள்ள பயத்தில்தான், எனக்குத் தெரியும். அவருக்கும் அதே பயம் இருந்தது, வெளியில் சொல்லத் தெரியாது. வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கு, பிள்ளை. அவருக்கு முழங்கால் இரண்டும் உரிந்திருக்கும் போல. கேட்டால் ஒன்றுமில்லை என்று வேட்டியால் மூடுகிறார். குனிந்து பார்க்க என்னால் முடியாது.

உன் வரவை வேண்டும்,
அம்மா
கமலாசனி